கொட்டில் கதவுக்கு வந்த ஒலிவக் கட்டை

ரொக்ஸ்பரோ, மொன்றியல்
22.05.2005

சேசு மரி சூசை துணை

அன்பின் அக்காவுக்கு,

மாதாவின் தயவால் இவரும் பிள்ளை ஜெயனியும் நானும் நல்ல சுகம். உங்கள் முழங்கால் நோ எப்படி? நீங்கள் பார்த்துக்கொள்ளும் அந்த வயதான சிக்னோரா இப்போதாவது இரவில் நித்திரை கொள்கிறாவா? போனில் கேட்டால் "எல்லாம் நல்லம்" என்று இரண்டு சொல்லில் முடித்துவிடுகிறீர்கள். அதனால்தான் காகிதம். இதில் அப்படித் தப்ப முடியாது.

புதினம் ஒன்று. இவர் சமைக்கிற கிரேக்கச் சாப்பாட்டுக் கடையை, லவாலில் இருக்கிறதே அதைத்தான், இடித்துத் திருத்துகிறார்கள். வாசலில் பெரிய சாடியில் நின்ற ஒலிவ மரம் போன குளிருக்கு வெளியிலே கிடந்து பட்டுப்போயிற்றாம். முதலாளி அதை முழங்கால் உயரத்தில் அறுத்துக் குப்பை லொறிக்கு வைத்துவிட்டார். இவர் அடிக்கட்டையை வேரோடு காரில் ஏற்றிக்கொண்டு வந்தார். ஏன் தெரியுமா? எங்கள் பின்வளவுக் கொட்டில் கதவு காற்றுக்குப் படார் படார் என்று அடிக்கிறது. "முட்டுக் குடுக்கச் சோக்கான கட்டை" என்றார்.

ஒலிவ மரத்தை நான் பைபிளில்தான் கண்டிருக்கிறேன். நோவாவின் புறா கொண்டுவந்த இலை, ஆண்டவர் இரத்த வியர்வை சிந்திய தோட்டம். அதைக் கதவுக்கு முட்டாக வைக்க எனக்கு மனம் வரவில்லை. நகத்தால் பட்டையைச் சுரண்டினேன். உள்ளே பச்சை.

"இது சாகேல்லையப்பா."

"நீர் கட்டைக்கும் நாடி பிடிக்கத் துவங்கீற்றீரோ?"

இப்படிப்பட்ட கட்டையைத் துளிர்க்க வைத்து, சின்னச் சட்டியில் கிழட்டு மரம்போல வளர்ப்பார்களாம். பொன்சாய் என்று பெயராம். ஜெயனி சொன்னாள். எனக்கு ஆசை பிடித்துவிட்டது. நீங்கள் இருக்கும் பலெர்மோவில் தெருவுக்குத் தெரு ஒலிவ மரம் என்று சொல்லியிருக்கிறீர்கள். தெரிந்தவர் யாரையாவது கேட்டு எழுதுங்கள், இதை நான் என்ன செய்ய வேண்டும்?

இன்னொன்று. சிக்னோராவின் காலத்துக்குப் பிறகு ஊருக்குப் போய்க் கன்னியாஸ்திரிகளின் முதியோர் இல்லத்தில் இருக்கப்போவதாகவும், அறைக்குப் பெயர் கொடுத்துவிட்டதாகவும் போனில் சொன்னீர்கள். அக்கா, உங்களுக்கு நாற்பத்தேழு வயது. அலோசியஸ் அத்தான் கடலோடு போய்ப் பதினைந்து வருடம். அந்த நாளிலிருந்து வெள்ளைச் சேலை. இப்போது முதியோர் இல்லம். எனக்கு அன்றிரவு சாப்பாடு இறங்கவில்லை. அதற்குமேல் எழுதமாட்டேன். இது கட்டையைப் பற்றிய காகிதம்.

செபமாலையில் உங்கள் பெயரை மறவாத தங்கை,
யோசெப்பின்


பலெர்மோ
19.06.2005

அன்புத் தங்கை யோசெப்பினுக்கு,

ஆண்டவர் உன் வீட்டைக் காப்பாராக. முழங்கால் இருந்த இடத்தில் இருக்கிறது. சிக்னோரா நித்திரை கொள்கிறா. அவவின் குறட்டையில் நான்தான் கொள்வதில்லை.

உன் கட்டையால் நான் பட்ட பாட்டைக் கேள். ஊருக்கு வெளியே மரக்கன்று விற்கும் பண்ணை ஒன்றுக்கு பஸ் எடுத்துப் போனேன். வெயில் தொப்பியோடு ஒரு மனிதர் லொறியில் சாடிகளை ஏற்றிக்கொண்டு நின்றார். என்னுடையது சமையலறை இத்தாலியன் என்று உனக்குத் தெரியும். "ஒலிவ மரம், தலை இல்லை, கால் மட்டும், தங்கச்சி, கனடா" என்றேன். அவர் ஏதோ சொன்னார், எனக்கு விளங்கவில்லை. நான் கையால் காட்டினேன். அவரும் காட்டினார். அந்த நேரம் சாடி ஒன்று அவர் கால் விரலில் விழுந்தது.

"ஐயோ, மடு மாதாவே!"

"நீங்கள் தமிழோ?"

"ஓம். மன்னார், பேசாலை."

"நான் வங்காலை."

"அப்ப என்னத்துக்கு இவ்வளவு நேரமும் ரெண்டு பேரும் இத்தாலியனிலை மல்லுக்கட்டினனாங்கள்?"

பெயர் மரியதாசன். மூன்று சகோதரிகளைக் கரைசேர்த்ததில் தான் கட்ட மறந்துவிட்டதாகச் சொன்னார். உன் கேள்வியை வடிவாகக் கேட்டுவிட்டு, "வாற ஞாயிறு சந்தா ரொசாலியா மலைக்கு வருவியள்தானே, அங்கை வைச்சுச் சொல்லுறன்" என்றார். மலைக்கோயிலுக்கு எங்கள் ஆட்கள் எல்லாரும் போகிறவர்கள்தான், நானும் போகிறவள்தான். அங்கே சொன்னது இது.

செத்த பகுதியைக் கூரான வாளால் அறு. நீண்ட வேரைக் குறை. களிமண் ஆகாது. தண்ணீர் வடிந்து ஓடும் கரடுமுரடான கல்மண்ணில் நடு. கண்ணாடிபோல் தெரிகிற பிளாஸ்டிக் பையால் மூடி நிழலில் வை. மண் காய்ந்த பிறகு மட்டும் தண்ணீர். பிறகு சும்மா இருக்க வேண்டும். "சும்மா இருக்கிறதுதான் என்ர தங்கச்சிக்கு ஏலாத வேலை" என்றேன். சிரித்தார்.

அறைக்குப் பெயர் கொடுத்தது கொடுத்ததுதான். அதை விடு.

பத்திநாதருக்கும் பிள்ளைக்கும் என் அன்பு.
அக்கா திரேசம்மா


ரொக்ஸ்பரோ
14.08.2005

அன்பின் அக்காவுக்கு,

நாளைக்கு மாதா பரலோகத்துக்கு எழுந்தருளிய திருநாள். அதற்கு முதல்நாள் எனக்கு என்ன தந்திருக்கிறா பாருங்கள்.

இன்று பூசையால் வந்து பையைத் திறந்தேன். கட்டையின் இடுப்பில் மூன்று மொட்டு. ஊசித் தலை அளவு, வெளிறிய பச்சை. நான் வைத்த கத்தலில் இவர் தலையில் சவுக்காரத்தோடு, துவாயைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார்.

"என்ன, ஆர் விழுந்தது?"

"ஒருத்தரும் விழேல்லை. முளைச்சிருக்குது!"

குனிந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார். பக்கத்து வீட்டு இத்தாலியப் பாட்டி, நோனா, வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "பொன்ஜூர், மிசியே!" என்ற பிறகுதான் அவருக்குத் துவாய் ஞாபகம் வந்தது. இப்போது கொட்டில் கதவுக்குச் செங்கல் வைத்திருக்கிறார். கட்டையைப் பற்றிப் பகிடியே இல்லை.

என் கணக்குக் கொப்பியில் "ஒலிவம்" என்று தனித் தலைப்புப் போட்டிருக்கிறேன். எரிமலைக் கல், மண்ணில் கலக்கிற பேர்லைட், வாள் எல்லாம் செலவுப் பக்கத்தில். வரவுப் பக்கம் இவ்வளவு நாளும் வெறுமையாகக் கிடந்தது. இன்றைக்கு "மொட்டு மூன்று" என்று எழுதினேன்.

நூலகத்தில் பொன்சாய்ப் புத்தகம் ஒன்றும் கண்டேன். முழுக்கப் பிரெஞ்சு. படங்கள் பார்த்தேன். நல்ல படங்கள். ஆனாலும் நேரில் மரத்தோடு வேலை செய்கிறவர் சொல்வதுபோல் வருமா? அதனால் மரியதாசன் அண்ணையிடம் கேளுங்கள்: மூன்று துளிரையும் விடவா, ஒன்றைக் கிள்ளவா? குளிருக்கு எங்கே வைக்க? அவர் காலில் சாடி விழுந்ததே, அந்த விரல் எப்படி என்றும் விசாரியுங்கள். விசாரிக்காவிட்டால் மரியாதை இல்லை.

உங்களை முத்தமிடும்
யோசெப்பின்


பலெர்மோ
02.10.2005

அன்புத் தங்கைக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதச் சிக்னோரா அருகிலிருந்து பார்க்கிறா. என்ன எழுதுகிறேன் என்று அவவுக்கு விளங்காது. ஆனாலும் "ஒலிவக்காரனைப் பற்றியா?" என்று கேட்கிறா. நான் ஞாயிற்றுக்கிழமை வெளிக்கிட்டாலே அவவுக்கு இந்தக் கேள்விதான்.

மொட்டைப் பற்றிச் சொன்னதும் மரியதாசன் தொப்பியைக் கழற்றிவிட்டார். பதில்கள்: ஒன்றையும் கிள்ளாதே. ஒன்றையும் வெட்டாதே. எல்லாம் பரட்டையாக வளரட்டும். அடுத்த கோடையும் அப்படியே விடு. அவசரப்பட்டால் கட்டை திரும்பவும் படுத்துவிடும். குளிருக்கு வெளிச்சமும் வேண்டும், குளிர்மையும் வேண்டும், ஆனால் உறையக்கூடாது. விரல் நகம் விழுந்து புதிதாக முளைக்கிறது. இதையும் ஏன் எழுதுகிறேன் என்றால் நீ கேட்டாய்.

மலை ஏறும் பாதையில் புழுதி. வெள்ளைச் சேலையைத் துவைத்துக் கட்டவில்லை. நீ முந்தி ஒருதரம் அனுப்பிய நீலச் சேலை பெட்டியில் சும்மா கிடந்தது, அதை உடுத்தினேன். புழுதிக்காகத்தான்.

அன்புடன்
திரேசம்மா


ரொக்ஸ்பரோ
22.01.2006

அன்பின் அக்காவுக்கு,

இங்கே மூக்கு மயிரும் உறைகிற குளிர். ஆனாலும் எல்லாரும் சுகம், ஒலிவமும் சுகம். அது எங்கே இருக்கிறது தெரியுமா? கராஜில், ஜன்னலோரம், இவருடைய பழைய குளிர்ச் சட்டையைச் சாடிக்குப் போர்த்தபடி. அதற்கு இடம் வேண்டுமென்று காரை வெளியே விட்டாயிற்று. விடிய எழும்பிப் பனி வாரும்போது இவர் சத்தம் போடுவார்: "கார் வெளியிலை விறைக்குது, கட்டை உள்ளுக்கை கோட்டுப் போட்டுக்கொண்டு இருக்குது!" வேலையால் வந்ததும் முதல் வேலையாகக் கராஜை எட்டிப் பார்க்கிறவரும் அவர்தான்.

துளிர்கள் ஒரு சாண் நீளம். அக்கா, எனக்குச் சில சந்தேகங்கள். இலையின் அடிப்பக்கம் ஏன் வெள்ளி நிறம்? பசளை எப்போது? கட்டையில் செத்த மரம் தெரிகிற பக்கத்தை மறைக்கவா, செதுக்கி அழகாக்கவா? கம்பி கட்டி வளைக்கிறதென்றால் எந்த வயதுக் கிளை? ஒலிவம் எத்தனை வருடம் இருக்கும்? மரியதாசன் அண்ணை ஒலிவக்காய் ஊறுகாய் போடுவாரா?

எல்லாவற்றையும் ஒரே ஞாயிறில் கேட்டுவிடாதீர்கள். அவருக்குக் குழம்பிவிடும். ஒரு ஞாயிறுக்கு ஒன்று போதும்.

அந்தச் சேலையில் ஒரு படம் எடுத்து அனுப்பினால் என்ன?

அன்பில் குறையாத
யோசெப்பின்


பலெர்மோ
17.04.2006

யோசெப்பின்,

உயிர்த்த ஞாயிறு வாழ்த்துகள். நோன்பு முடிந்தது, வீட்டில் எல்லாரும் சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன்.

உன் கேள்விகளுக்குச் சுருக்கமாகப் பதில்: வெள்ளி நிறம் வெயிலுக்குத் தாங்க. பசளை சித்திரையில். செத்த மரத்தை மறைக்காதே, அதுதான் அழகு. கம்பி இளங்கிளைக்கு மட்டும், முற்றினால் முறியும். ஆயிரம் வருட மரமும் இங்கே காய்க்கிறது. ஊறுகாய் போடுவார். உப்புக் கூட. சொன்னேன்.

குருத்தோலை ஞாயிறு இங்கே ஒலிவக் கிளையோடுதான். நான் சிக்னோராவைத் தள்ளுவண்டியில் கொண்டு போய்ச் சேர்வதற்குள் நல்ல கிளைகள் முடிந்துவிட்டன. எனக்குக் கிடைத்தது இரண்டு இலை. பவனி முடிய மரியதாசன் வந்து தன் கையில் இருந்த கிளையை என்னிடம் தந்தார். நல்ல பெரிய கிளை. நுனியில் சிவப்பு நூல் கட்டியிருந்தது. "பிடியுங்கோ" என்றார்.  வாங்கினேன்.

மாதா படத்துக்கு மேலே வைத்திருக்கிறேன்.

இந்தக் கோடையும் மரத்தை வெட்டாதே. மறந்துவிடாதே.

திரேசம்மா


ரொக்ஸ்பரோ
14.05.2006

என் தங்க அக்காவுக்கு,

ஆண்டவருக்குத் தோத்திரம்! காகிதத்தைப் படித்ததும் கால் நிலத்தில் நிற்கவில்லை. வேலிக்கு ஓடிப்போய் நோனாவிடம் கேட்டேன். அவருடைய ஊரில் குருத்தோலை ஞாயிறன்று ஓர் ஆண் நூல் கட்டிய கிளையை ஒரு பெண்ணுக்குக் கொடுத்தால் கட்டக் கேட்கிறான் என்று கருத்தாம். அவருடைய புருசனும் அப்படித்தான் கொடுத்தாராம். சொல்லும்போது எண்பது வயதில் வெட்கப்படுகிறார்!

அக்கா, உள்ளதைச் சொல்லுங்கள். அவர் கேட்டுவிட்டாரா? நீங்கள் என்ன சொன்னீர்கள்? வயது எத்தனை? கோயில் சுவாமியிடம் கதைத்தாயிற்றா? நாள் குறித்தால் முதலில் எனக்குத் தெரிய வேண்டும். இவர் இப்போதே "மாப்பிள்ளைக்கு என்ன அளவு சேட்டு?" என்று கேட்கிறார்.

சந்தோசத்தில் நேற்றுக் கராஜிலிருந்து ஒலிவத்தை முற்றத்துக்கு எடுத்து, துளிர்களையெல்லாம் அளவாக வெட்டி, கம்பி சுற்றி வளைத்துவிட்டேன். அண்ணை இன்னொரு கோடை பொறுக்கச் சொன்னார்தான். ஆனால் இனி எதற்குப் பொறுக்க வேண்டும்? பெரிய கிளையை வளைக்கும்போது டிக் என்று முறிந்தது. பரவாயில்லை, வேறு இருக்கிறது.

உடனே எழுதுங்கள்.

யோசெப்பின்


ரொக்ஸ்பரோ
10.09.2006

அன்பின் அக்காவுக்கு,

இன்றைக்கு எங்கள் தமிழ்ப் பூசையில் வேளாங்கண்ணி மாதா திருநாள். உங்களுக்காக மெழுகுதிரி கொளுத்தினேன். சுகமாக இருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். கோடை முழுக்க உங்கள் காகிதம் வரவில்லை. போன் எடுத்தால் சிக்னோராவின் மகள் எடுத்து, நீங்கள் வேலையாக இருப்பதாகச் சொல்கிறா.

இங்கே கோடை நல்லம். தக்காளி நிறையக் காய்த்தது.

ஒலிவம் இலையெல்லாம் கொட்டிவிட்டது. கம்பியைக் கழற்றிவிட்டேன். வெட்டியது பிழை. கேட்க வேண்டிய ஆள் சொன்னதைக் கேட்காமல் என் கைக்கு வந்தபடி செய்தேன். இவர் கொட்டிய இலையைக் கூட்டி அள்ளினார். பகிடியாவது பண்ணியிருக்கலாம்.

தண்ணீர் மட்டும் ஊற்றிக்கொண்டு சும்மா இருக்கிறேன். சத்தியமாகச் சும்மா.

உங்கள்
யோசெப்பின்


பலெர்மோ
26.11.2006

அன்புத் தங்கைக்கு,

நான் சுகம். உன்னில் கோபம் இல்லை. இருந்தது, போய்விட்டது.

பெயர் வைக்காமல் நான் வைத்திருந்த ஒன்றுக்கு நீ வைகாசியில் பெயர் வைத்துவிட்டாய். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அலோசியஸின் படம் முன்னால் நிற்க முடியவில்லை. மலைக்குப் போவதை விட்டேன். வெள்ளையைத்தான் உடுக்கிறேன். மரியதாசன் ஒருநாள் வாசல்வரை வந்து, உன் மரத்தின் சுகம் கேட்டு எழுதச் சொல்லிவிட்டுப் போனார். உள்ளே வரச் சொல்லவில்லை நான்.

வருடம் பிறந்ததும் சிக்னோராவை மகள் மிலானோவுக்குக் கூட்டிப்போகிறா. ஊரில் இருந்து முதியோர் இல்லத்து மதர் எழுதியிருக்கிறா. அறை ஒன்று காலியாம். கிணற்றடிப் பக்கம், நல்ல காற்று வருமாம். தை முடிவதற்குள் பதில் வேண்டுமாம். எல்லாம் ஒரே நேரத்தில் சரியாக வருவது ஆண்டவர் காட்டும் வழி என்றுதான் நினைக்கிறேன்.

ஒலிவத்தை நினைத்து மனவருத்தம்.

திரேசம்மா


ரொக்ஸ்பரோ
17.12.2006

அன்பின் அக்காவுக்கு,

நத்தார் வாழ்த்துகள். பாலன் உங்கள் உள்ளத்தில் பிறப்பாராக. இங்கே சுகம். நீங்கள் எழுதியதை வாசித்தேன். கிணற்றடி அறையைப் பற்றி நான் ஒரு சொல்லும் சொல்லப் போவதில்லை. எனக்கு வந்த பாடம் போதும்.

மரத்தைப் பற்றி மட்டும். குளிருக்கு உள்ளே எடுக்கும்போது சாடியைத் துடைத்தேன். நான் முறித்த இடத்துக்குக் கீழே, மண்ணோடு ஒட்டி, நான் ஒருநாளும் பார்க்காத பக்கத்தில் ஒரு துளிர். ஒரு விரல் உயரம். எப்போது வந்தது என்றே தெரியவில்லை. யாரும் பார்க்காத நேரத்தில் வந்திருக்கிறது. இவரைக் கூப்பிட்டேன், இந்த முறை மெதுவாக. வந்து பார்த்துவிட்டு, "இது எங்களைக் கேட்டு முளைக்கேல்லை" என்றார்.

ஆகவே வசந்தத்தில் இதைப் பொன்சாய்ச் சட்டிக்கு மாற்ற வேண்டும். நல்ல சட்டி என்ன விலை தெரியுமா? கொப்பி தாங்காது. இவர் கடையிலிருந்து மொசாக்கா சுடுகிற மண் தட்டு ஒன்று கொண்டுவந்திருக்கிறார், ஓரம் கொஞ்சம் உடைந்தது. மொசாக்கா என்பது கத்தரிக்காயும் இறைச்சியும் அடுக்கிச் சுடுவது. தட்டு நீள்சதுரம், ஆழம் குறைவு, வடிவாக இருக்கிறது. அடியில் துளை போட வேண்டும்.

கேள்வி இதுதான்: எத்தனை துளை, எவ்வளவு பெரிது? எனக்கு இதைச் சொல்ல உங்களைத் தவிர வேறு ஆள் இல்லை. நீங்கள் ஊருக்குப் போவதென்றால் போகுமுன் ஒருக்கால் கேட்டு எழுதிவிட்டுப் போங்கள். பண்ணை பஸ் இன்னும் ஓடுகிறதுதானே?

அன்புடன்
யோசெப்பின்


பலெர்மோ
04.02.2007

மதிப்புக்குரிய யோசெப்பின் அவர்களுக்கு,

தேவகிருபையால் நீங்களும் குடும்பமும் சுகமாக இருக்க மன்றாடுகிறேன். முன்பின் பார்க்காதவன் எழுதுவதை மன்னிக்க வேண்டும். உங்கள் அக்கா, "நீங்களே எழுதுங்கோ, எனக்கு வெக்கமாக் கிடக்குது" என்று பேனையைத் தந்துவிட்டு எதிரில் இருந்து கடலை உரிக்கிறா.

முதலில் துளை. நான்கு, சுண்டுவிரல் பருமனில். கம்பி வலை வைத்து மூடுங்கள்.

அடுத்தது ஓர் உண்மை. எனக்கு ஒலிவ மரத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. நான் பண்ணையில் லொறிக்குச் சாடி ஏற்றுகிறவன். பேசாலையில் மீன்பிடித்தவனுக்கு ஒலிவம் எங்கே தெரியும்? முதல் கேள்விக்கு ஞாயிறுவரை தவணை கேட்டது, முதலாளியைக் கேட்டு அறிவதற்காக. பிறகு நீங்கள் கேட்ட கேள்விகள் அவருக்கும் தெரியவில்லை. புத்தகம் ஒன்று வாங்கினேன், இத்தாலியனில். சொல்லுக்குச் சொல் அகராதி பார்த்தேன். வெள்ளி நிற இலைக்கு மட்டும் ஒரு கிழமை போயிற்று. ஊறுகாய்க் கேள்விக்கு, முதல்தடவையாக ஊறுகாய் போட்டேன். அதனால்தான் உப்புக் கூட.

தை நடுவில் ஒரு நாள். மழை. நான் லொறிக்கு மேல் நிற்கிறேன். பஸ்ஸால் இறங்கி நீலச் சேலையோடு உங்கள் அக்கா சேற்றுக்குள் நடந்து வருகிறா. எட்டு மாதத்துக்குப் பிறகு.

"தங்கச்சி கேக்கிறாள், மொசாக்காத் தட்டுக்கு எத்தினை ஓட்டை போடுறதெண்டு."

"நான் யோசிச்சு ஞாயிற்றுக்கிழமை சொல்லட்டோ?"

"புத்தகம் பாத்து எண்டு சொல்லுங்கோ."

"உங்களுக்கு எப்ப தெரியும்?"

"முதல் நாளே. தெரிஞ்ச ஆளெண்டால் அங்கையே சொல்லியிருப்பார். கால் விரலைப் பிடிச்சுக்கொண்டு தவணை கேட்டிருக்கமாட்டார்."

"அப்ப ஏன் ஒவ்வொரு ஞாயிறும் கேட்டுக்கொண்டு வந்தனீங்கள்?"

சேலைக் கரையைப் பிழிந்தா. பிறகு லொறிச் சில்லைப் பார்த்துக்கொண்டு, "மதருக்கு எழுதிப்போட்டன். அந்தக் கிணத்தடி அறையை வேறை ஆருக்கும் குடுக்கச் சொல்லி" என்றா.

நான் லொறியிலிருந்து இறங்கவில்லை, விழுந்தேன். இந்த முறை மற்றக் கால்.

உயிர்ப்புத் திருநாள் கழிய, சித்திரை இருபத்தோராம் திகதி சனிக்கிழமை கலியாணம். மூன்று ஞாயிறு கோயிலில் பெயர் வாசிக்கிறார்கள். அலோசியஸ் அவர்களின் ஆன்மாவுக்காக முதல்நாள் ஒரு பூசை ஒப்புக்கொடுக்கிறோம். அது நான் கேட்டது. அதன் பிறகுதான் அவ நாளுக்குச் சம்மதித்தா.

வணக்கத்துடன்
மரியதாசன்

பி.கு: கடலை முடிந்தது. அவவும் எழுதுகிறாவாம்.

யோசெப்பின், இவர் எழுதியதில் பாதி கூட்டிச் சொன்னது. சேறு அவ்வளவு இல்லை. — அக்கா


ரொக்ஸ்பரோ
02.04.2007

சேசு மரி சூசை துணை

அன்பின் அக்காவுக்கும் அத்தானுக்கும்,

இந்தச் சொல்லை எழுதிப் பல காலம். எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நாங்கள் எல்லாரும் சுகம். உங்கள் சுகத்துக்குக் குறைவில்லை என்று இங்கிருந்தே தெரிகிறது.

கலியாணத்துக்கு வர முடியாததற்கு மன்னியுங்கள். ஜெயனிக்கு அந்த நேரம் சோதினை. ஆடியில் மூவரும் வருகிறோம், டிக்கெட் எடுத்தாயிற்று. மலைக்கு என்னையும் கூட்டிப்போங்கள்.

போன சனிக்கிழமை ஒலிவத்தைத் தட்டுக்கு மாற்றினோம். இவர் துளை போடும்போது மூச்சு விடவில்லை. தட்டு வெடித்தால் என் முகத்தில் விழிக்க முடியாது என்று பயமாம். படம் வைத்திருக்கிறேன். நான் முறித்த காயத்தை மறைக்கவில்லை, செதுக்கி வெள்ளையாக விட்டேன். அதற்குப் பக்கத்தால் அந்த அடித்துளிர் வளைந்து மேலே போகிறது. கம்பி கட்டாமல் தானே வளைந்தது. அதற்குத்தான் மரம் என்று ஒரு வடிவம் வந்திருக்கிறது.

நேற்றுக் குருத்தோலை ஞாயிறு. எங்கள் பூசையில் எல்லார் கையிலும் ஓலை. என் கையில் மட்டும் ஒலிவக் கிளை, நான்கு இலை. சுவாமி தீர்த்தம் தெளிக்கும்போது நின்று பார்த்தார். "எங்கையிருந்து?" "லவால் குப்பையிலையிருந்து, சுவாமி." அந்தக் கிளையை அப்படியே அமத்தி இதற்குள் வைத்திருக்கிறேன். சிவப்பு நூல் நான் கட்டவில்லை. அது அத்தானின் வேலை.

இப்போது என் முறை. அத்தான் உண்மை சொல்லிவிட்டார், நான் மறைத்தால் பாவசங்கீர்த்தனத்தில் முழங்கால் நோகும். நூலகப் புத்தகத்தின் படங்களைப் பார்த்தேன் என்று எழுதினேன். பொய் இல்லை, பார்த்தேன். வாசிக்கவில்லை என்று நான் எங்கேயும் எழுதவில்லையே! அகராதியோடு முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை வாசித்தேன். திரும்பத் திரும்பப் புதுப்பிக்கப் போய், நூலகத்துப் பெண் இப்போது என்னை "மதாம் ஒலிவ்" என்றுதான் கூப்பிடுகிறாள். கம்பி, பசளை, வெள்ளி இலை, எல்லாம் அதில் இருந்தது. முதல் காகிதத்துக்கு மட்டும் உண்மையிலே தெரியாமல் கேட்டேன். விரலில் சாடி விழுந்த கதையை நீங்கள் எழுதிய அன்றிலிருந்து தெரிந்துகொண்டுதான் கேட்டேன். எல்லாம் வாசித்தும் கடைசியில் பொறுக்காமல் வெட்டினேனே, அதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு.

கொப்பியில் "ஒலிவம்" தலைப்பின் கீழே இன்று கோடு போட்டேன். செலவு ஒரு பக்கம் முட்ட இருக்கிறது. வரவுப் பக்கத்தில், மொட்டுகளுக்குக் கீழே, "அத்தான் ஒருவர்" என்று எழுதினேன். இவர் எட்டிப் பார்த்துவிட்டு, "லாபம்" என்றார். செங்கல் வைத்தும் கொட்டில் கதவு இன்னும் அடிக்கிறது.

மெழுகுதிரி இரண்டு வாங்கி வைத்திருக்கிறேன், கலியாணத்தன்று கொளுத்தி அணையாமல் பார்த்துக்கொள்வேன்.

ஒன்று மறந்துவிட்டேன். தட்டுக்கு மாற்றியதிலிருந்து சில இலைகளின் நுனி காய்கிறது. தண்ணீர் கூடிப்போயிற்றா, குறைவா? பதில் எனக்குத் தெரியும். ஆனாலும் அக்கா, அத்தானைக் கேட்டு எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமை, மலையில் வைத்துக் கேளுங்கள். அவசரமில்லை.

உங்கள் இருவரின்
யோசெப்பின்